யான் இங்கன்ஹவுஸ்: இலையின் இரவைக் கண்டவர்

செடிகொடிகள் காற்றைத் தூய்மைப்படுத்துகின்றன என்பது பள்ளிச் சிறுவர்களும் அறிந்த செய்தி. அதே செடிகொடிகள் நம்மைப் போலவே சுவாசிக்கின்றன, பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன என்பதும் பாடநூல்களில் உள்ளதுதான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பிரித்து மனப்பாடம் செய்துகொண்டு மேலே சென்றுவிடுவதும் உண்டு. கொடுப்பதும் எடுப்பதுமாகிய இவ்விரு செயல்களையும் ஒரே இலையில் கண்டு, இரண்டையும் சோதனைகளால் நிறுவி, ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காமல் உலகுக்குச் சொன்னவர் யான் இங்கன்ஹவுஸ். அவர் தாவரவியலாளர் அல்லர், தொழிலால் மருத்துவர்.

1730-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் நெதர்லாந்தின் பிரெடா நகரில் அவர் பிறந்தார். தந்தை மருந்துக் கடை நடத்தி வந்தார். குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தது. லூவேன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1753-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பின்னர் லெய்டன் நகரிலும் கல்வியைத் தொடர்ந்தார். பௌதிகத்திலும் மின்சார ஆராய்ச்சியிலும் அவருக்கிருந்த ஈடுபாடு இறுதிவரை குறையவில்லை. உலோகக் கம்பிகளின்மீது மெழுகு பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, எந்தக் கம்பியில் மெழுகு அதிக தூரம் உருகுகிறது என்று பார்க்கும் வெப்பக்கடத்தல் சோதனையை நம்மில் பலர் பௌதிக வகுப்பில் படித்திருப்போம். அந்தச் சோதனை இவருடைய பெயராலேயே வழங்கி வருகிறது.

அவருடைய வாழ்வின் போக்கை நிர்ணயித்தவர்களுள் முதன்மையானவர் ஜான் பிரிங்கிள் என்ற ஆங்கிலேயப் படை மருத்துவர். 1740-களில் நடைபெற்ற போரின்போது ஆங்கிலப் படை பிரெடாவை அடுத்து முகாமிட்டிருந்தது. அப்போது இங்கன்ஹவுஸ் குடும்பத்துடன் பிரிங்கிளுக்கு நட்பு ஏற்பட்டது. சிறுவனாக இருந்த யானின் அறிவுக்கூர்மை அவரைக் கவர்ந்தது. 1764-இல் தந்தை மறைந்த பிறகு, ஊரில் நடத்தி வந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு யான் இங்கிலாந்துக்குச் சென்றதற்குப் பிரிங்கிளின் அழைப்பே காரணம். லண்டனில் அவருக்கு பெஞ்சமின் பிராங்க்ளினின் நட்பும் கிடைத்தது.

பெரியம்மையும் அரச குடும்பமும்

அக்காலத்தில் பெரியம்மை ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி மக்களைக் கொண்டுபோயிற்று. அதற்கு அன்று இருந்த ஒரே தற்காப்பு, நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளைச் சிறிதளவு ஆரோக்கியமானவரின் தோலில் ஏற்றுவதுதான். லேசாக நோய் கண்டு தேறியவரை மீண்டும் பெரியம்மை அணுகாது. வங்காளத்தில் இம்முறை முன்பே வழக்கத்தில் இருந்தது. அதைப் பற்றிய விவரமான ஆங்கில நூல் ஒன்று 1767-இல் லண்டனில் வெளியானது. இங்கிலாந்துக்கு இம்முறை துருக்கியிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. இங்கன்ஹவுஸ் இதில் தேர்ச்சி பெற்றார். 1768-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதிக் கிராமங்களில் நோய் பரவியபோது, சுமார் 700 பேருக்கு அம்மைப்பால் ஏற்றும் பணியில் அவர் ஈடுபட்டார்.

அதே ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவிடமிருந்து இங்கிலாந்து மன்னருக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. பேரரசி தம் மக்களுள் சிலரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்திருந்தார். 1767-இல் தாமே அந்நோயில் விழுந்து பிழைத்திருந்தார். எஞ்சிய பிள்ளைகளைக் காக்க, இம்முறையில் வல்ல மருத்துவர் ஒருவர் தேவைப்பட்டார். பிரிங்கிளின் பரிந்துரையால் இங்கன்ஹவுஸ் வியன்னா சென்றார். முதலில் வேறு குழந்தைகளுக்கு அம்மைப்பால் ஏற்றிப் பார்க்கப்பட்டது. அரண்மனைக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஏழைக் குழந்தைகள் முன்நிறுத்தப்பட்டது நம் மனத்தை உறுத்தவே செய்கிறது. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. பின்னர் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. பேரரசி அவரை அரசவை மருத்துவராக்கி, ஆண்டுக்கு 5,000 கில்டர் வாழ்நாள் ஊதியமும் வழங்கினார். 1769-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1775-இல் வியன்னாவின் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜாக்வினின் சகோதரியான அகதா மரியாவை அவர் மணந்தார்.

வாழ்நாள் முழுவதற்கும் பொருள் கவலை நீங்கிவிட்டது. இத்தகைய நிலையில் பலர் ஓய்ந்துவிடுவதே வழக்கம். இங்கன்ஹவுஸோ தமக்குக் கிடைத்த ஓய்வைச் சோதனைகளுக்குச் செலவிட்டார்.

ஒரு புதினாக் கிளையும் ஓர் அழகிய உரையும்

அவரைச் செடிகளின் பக்கம் திருப்பியது ஜோசப் பிரீஸ்ட்லியின் கண்டுபிடிப்பு. 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன மூடிய கலத்தினுள் பிரீஸ்ட்லி ஒரு புதினாக் கிளையை வைத்தார். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. விலங்குகளின் மூச்சும் நெருப்பும் கெடுக்கின்ற காற்றைச் செடி சீர்செய்கிறது என்ற செய்தி ஐரோப்பாவெங்கும் வியப்பை ஏற்படுத்தியது. 1773-இல் ராயல் சொசைட்டி பிரீஸ்ட்லிக்குக் காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் வேறு யாருமல்லர், இங்கன்ஹவுஸின் பழைய நண்பர் பிரிங்கிளே.

பதக்கத்தை வழங்கும்போது பிரிங்கிள் ஆற்றிய உரை புகழ்பெற்றது. வீணாக முளைக்கும் செடி என்று உலகில் எதுவுமில்லை. காட்டு மரம் முதல் வயல்வெளிப் புல் வரை, நறுமண ரோஜா முதல் நச்சுச் செடி வரை, ஒவ்வொன்றும் காற்றைத் தூய்மைப்படுத்தி மனிதனுக்குத் தொண்டு செய்கிறது. இது இறைவனின் கருணை ஏற்பாடு என்பது அவர் கருத்து. கேட்டவர்கள் உள்ளம் நெகிழ்ந்தார்கள். இங்கன்ஹவுஸின் உள்ளத்திலும் அவ்வுரை ஆழப் பதிந்தது.

ஆனால் அழகிய அந்தச் சித்திரத்தில் விரைவிலேயே விரிசல் கண்டது. சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரியான விளைவு கிடைக்கவில்லை. சில நாட்களில் செடி காற்றைத் தூய்மையாக்கியது. வேறு சில நாட்களில் மேலும் கெடுத்தது. சுவீடனைச் சேர்ந்த ஷீலே, செடிகள் காற்றைக் கெடுப்பதையே கண்டார். பிரீஸ்ட்லிக்கே தம் முடிவில் ஐயம் எழுந்தது. செடியின் இயல்பு என்ன? அது காப்பதா, கெடுப்பதா? வினா இவ்வாறு நின்றது.

சௌத்தால் கிரீனில் ஒரு கோடை

1779-ஆம் ஆண்டு கோடையில் இங்கன்ஹவுஸ் லண்டனுக்கு வந்திருந்தார். நகரத்தின் சந்தடியிலிருந்து விலகி, மேற்கே சௌத்தால் கிரீன் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். (பெருநகரத்தோடு ஒன்றாகிவிட்ட அந்த இடத்தில் இன்று நம் நாட்டவர், குறிப்பாகப் பஞ்சாபியர், திரளாக வாழ்கின்றனர்.) ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமார் மூன்று மாத காலத்தில், அங்கே தனியாக அவர் செய்த சோதனைகள் 500-க்கும் மேற்பட்டவை.

முறை எளிமையானது. நீர் நிறைந்த கண்ணாடிக் கலத்தினுள் இலைகளை இட்டு, கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் வைப்பார். இலைகளின்மீது சிறு குமிழிகள் தோன்றிப் பெருகி, மேலெழுந்து கலத்தின் உச்சியில் சேரும். இக்குமிழிகளை முன்பே கண்டவர்கள், அவை நீரில் கலந்திருந்த காற்றே என்று கருதி விட்டுவிட்டார்கள். இங்கன்ஹவுஸ் அந்தக் காற்றைச் சேகரித்தார். அதில் எரியும் திரியைக் காட்டினால் சுடர் பிரகாசமாகப் பொலிந்தது. யூடியோமீட்டர் என்னும் கருவியைக் கொண்டு அதன் தரத்தையும் அளந்தார். அது பிரீஸ்ட்லி சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்திருந்த மிகத் தூய காற்று, அதாவது நாம் பிராணவாயு என்று வழங்கும் ஆக்சிஜன்.

அதே கலத்தை இருட்டில் வைத்தால் குமிழி மிகக் குறைவு. சேர்ந்த சிறிதளவு காற்றிலும் சுடர் அணைந்தது. இங்கேதான் அவருடைய பொறுமை வெளிப்படுகிறது. ஒருவேளை காரணம் வெயிலின் வெம்மையோ? இருட்டிலேயே இலைகளை நெருப்பின் அருகே வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். நல்ல காற்று வரவில்லை. ஆகவே செயலைத் தூண்டுவது ஒளியே, வெப்பம் அன்று. இலை மட்டும்தான் இதைச் செய்கிறதா? இலையையும் பச்சைத் தண்டையும் தனியே, பூவைத் தனியே, வேரைத் தனியே, கனியைத் தனியே சோதித்தார். பச்சை நிறப் பகுதிகள் மட்டுமே வெயிலில் தூய காற்றைத் தந்தன. பூவும் வேரும் கனியும் காற்றைக் கெடுக்கும் இயல்பினவாகவே இருந்தன. முதிர்ந்த இலை இளந்தளிரைவிட அதிகம் தந்தது. இலையின் அடிப்பரப்பிலிருந்தே பெரும்பாலும் அது வெளிப்பட்டது.

நம் தர்க்க சாஸ்திரம் அன்வயம், வியதிரேகம் என்று இரண்டைக் கூறும். இது இருந்தால் அது இருக்கிறது. இது இல்லாவிடில் அது இல்லை. இவ்விரண்டும் கூடினால்தான் காரணம் நிச்சயமாகும். பிரீஸ்ட்லியின் புதினாக் கிளை பெரும்பாலும் அன்வயத்தை மட்டுமே காட்டிற்று. ஒளியையும் இருளையும், வெப்பத்தையும் ஒளியையும், பச்சையையும் பச்சையல்லாததையும் வேறு பிரித்து, வியதிரேகத்தின் வழியாகவும் சென்று நிறுவியவர் இங்கன்ஹவுஸ். மற்றவர்களின் சோதனைகள் ஏன் நாளுக்கு நாள் மாறின என்பதும் அதனால் விளங்கிவிட்டது. அவர்கள் செடியைப் பார்த்தார்கள். அது வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய நூல் லண்டனில் வெளியானது. நூலின் நெடிய தலைப்பே இரு பக்கங்களையும் சொல்லிவிடுகிறது: வெயிலில் காற்றைத் தூய்மையாக்கும் செடிகளின் பேராற்றலையும், நிழலிலும் இரவிலும் அதைக் கெடுக்கும் அவற்றின் தன்மையையும் சேர்த்தே அவர் தலைப்பில் பொறித்திருந்தார். இதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. எந்தச் செடியும் மனிதனுக்கு நன்மையே செய்கிறது என்று சபை நடுவே உரைத்தவர், தம்மை இளமையிலிருந்து கைதூக்கிவிட்ட பிரிங்கிள். அவருடைய உரையின் இனிமையைக் கெடுக்காமல் முதல் பாதியை மட்டும் வெளியிட்டிருந்தால், இங்கன்ஹவுஸுக்குப் பாராட்டு இன்னும் எளிதாகவே கிடைத்திருக்கும். ரோஜாச் செடியானாலும் இரவில் காற்றைக் கெடுக்கவே செய்கிறது என்று அவர் எழுதினார். இறைவனின் ஏற்பாட்டில் அவருக்கும் நம்பிக்கை உண்டு. அந்த ஏற்பாடு நாம் விரும்பும் வடிவில்தான் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இரவின் கணக்கு

இலை கொடுப்பது அதிகமா, எடுப்பது அதிகமா என்ற வினாவையும் அவர் விடவில்லை. ஓர் இரவு முழுவதும் செடி வெளியிடும் கெட்ட காற்று, தெளிந்த பகலில் இரண்டு மணி நேரத்தில் அது தரும் நல்ல காற்றில் நூறில் ஒரு பங்குகூட இராது என்பது அவருடைய தோராயக் கணக்கு. பொதுவான முடிவு சரியானது; எண் சரியானதன்று. கரியமில வாயு நீரில் நன்கு கரையக்கூடியது. ஆகவே இரவில் இலை வெளிவிட்டதில் பெரும்பகுதி குமிழியாக வெளிவராமல் நீரிலேயே கரைந்திருக்கும். இன்றைய கணக்கின்படி, ஒளிச்சேர்க்கையால் தாவரங்கள் சேர்க்கும் கார்பனில் ஏறக்குறைய பாதியை அவை தம் சுவாசத்திலேயே செலவிட்டுவிடுகின்றன.

மற்றோர் உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இங்கன்ஹவுஸ் பகலின் செயல், இரவின் செயல் என்று பிரித்துக் கண்டார். செடியின் சுவாசமோ இரவுக்கு மட்டும் உரியதன்று. பகலும் இரவும் ஓயாமல் நடப்பது. நாம் உண்ட உணவை எரித்துச் சக்தி பெறுவதுபோல, செடியும் தான் தயாரித்த சர்க்கரையைப் பிராணவாயுவின் உதவியால் எரித்தே வளர்கிறது, பூக்கிறது, வேர்விடுகிறது. பகலில் இலையின் பச்சையம் ஒளியைப் பற்றி, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையை உண்டாக்குகிறது. அப்போது நீரிலிருந்து பிரியும் ஆக்சிஜன் வெளிப்படுகிறது. இந்த வரவு மிகுதியாக இருப்பதால் சுவாசத்தின் செலவு வெளியே தெரிவதில்லை. இருள் சூழ்ந்து வரவு நின்றதும் செலவு மட்டும் தெரிகிறது. விடியலுக்குச் சற்றுப் பின்னும் அந்திக்குச் சற்று முன்னும், வரவும் செலவும் சமமாகி, இலை வெளியிலிருந்து எதையும் எடுக்காமலும் கொடுக்காமலும் இருப்பதுபோல் தோன்றும் ஒரு வேளை உண்டு. நம் முன்னோர் சந்தியா வேளை என்று போற்றிய நேரத்தை ஒட்டி இது அமைவது எண்ணிப் பார்க்க இனிமையானது. அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

பிராணவாயுவைத் தருவதற்கு ஒளி இன்றியமையாதது என்பதால், அரசும் துளசியும் இரவிலும் பிராணவாயு தருகின்றன என்று பக்தியால் சிலர் கூறுவதை ஏற்க இயலாது. கற்றாழை, அன்னாசி போன்ற சில செடிகள் இரவில் கரியமில வாயுவை உட்கொண்டு சேமித்து வைக்கும். அவையும் ஆக்சிஜனை வெளிவிடப் பகலுக்குக் காத்திருக்க வேண்டும். அரசமரத்தையும் துளசியையும் போற்ற நமக்கு வேறு காரணங்கள் போதியவை உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் அச்சமும் பெருகியது. படுக்கையறையில் இரவில் செடியும் பூவும் இருப்பது ஆபத்து என்று இங்கன்ஹவுஸ் எச்சரித்திருந்தார். நம் ஊரில் இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்பதற்கும் இக்காலத்தில் இதே விளக்கம் தரப்படுகிறது. உண்மையில் ஒரு தொட்டிச் செடி இரவில் விடும் கரியமில வாயு மிகச் சொற்பம். அதே அறையில் உறங்கும் இன்னொரு மனிதர் விடுவது அதைப்போல் பல மடங்கு. திறந்தவெளி மரத்தடியிலோ காற்று ஓரிடத்தில் தங்குவதே இல்லை. இரவுப் பங்கைக் கண்டுபிடித்தவரே அதைக் குறித்து அளவுக்கு மீறி அஞ்சினார் என்றுதான் கூற வேண்டும்.

வாதங்களும் இறுதி ஆண்டுகளும்

1780-இல் வியன்னா திரும்பிய அவருக்குப் புகழோடு மனவருத்தமும் சேர்ந்து வந்தது. ஒளியின் பங்கை முதலில் கண்டது யார் என்பதில் பிரீஸ்ட்லியின் தரப்பினருக்கும் இவருக்கும் பூசல் எழுந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த செனெபியே என்னும் பாதிரியார் 1782-இல், செடி நல்ல காற்றைத் தருவதற்குக் கரியமில வாயு தேவை என்று காட்டினார். அவரோ ஆரோக்கியமான செடி இரவில் காற்றைக் கெடுக்கிறது என்பதை ஒப்பவில்லை. இருவரிடையே பல ஆண்டுகள் விவாதம் நீடித்தது. ஒவ்வொருவரிடமும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. இங்கன்ஹவுஸின் எழுத்துகளில் அக்காலத்தில் தென்படும் கசப்பு, அவரை மதிப்பவர்களுக்கு வருத்தம் தருவதே.

இதற்கிடையே லவாய்சியேயின் புதிய ரசாயனம், ஃபுளோஜிஸ்டன் என்ற பழைய கொள்கையைத் தகர்த்தது. முதுமையை நெருங்கிக்கொண்டிருந்தபோதும் இங்கன்ஹவுஸ் பழையதைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. 1796-இல் இங்கிலாந்தின் வேளாண்மை வாரியத்துக்காக எழுதிய கட்டுரையில், செடி கரியமில வாயுவை உட்கொண்டு அதிலுள்ள கார்பனைத் தன் உணவாக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். செடி மனிதனுக்காகக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்ற இடத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, செடி தனக்காகவே உண்கிறது, தூய காற்று அதன் எச்சம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

1788-இல் வியன்னாவை விட்டுப் புறப்பட்ட அவர் மீண்டும் அங்கே செல்லவில்லை. ஐரோப்பா புரட்சியிலும் போரிலும் சிக்கியது. மனைவி வியன்னாவிலேயே தங்கிவிட்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. இறுதி ஆண்டுகளை இங்கிலாந்தில் நண்பர்களின் ஆதரவில் கழித்தார். 1798-இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை வெளியிட்டபோது, இங்கன்ஹவுஸ் அதை எதிர்த்து ஜென்னருக்குக் கடிதம் எழுதினார். பசு அம்மை கண்டவர் ஒருவர் பின்னர் பெரியம்மைக்கும் ஆளானதைத் தாம் அறிந்ததாக அவர் கூறினார். தம் வாழ்வின் முதல் பாதியில் ஆயிரக்கணக்கான மைல் சென்று பரப்பிய பழைய முறையை அவரால் விட இயலவில்லை. புதிய ரசாயனத்தை ஏற்ற அதே மனம் இங்கே தயங்கி நின்றது. காலம் ஜென்னரின் பக்கமே தீர்ப்பளித்தது. பழைய அம்மைப்பால் முறை 1840-இல் இங்கிலாந்தில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், வில்ட்ஷயர் பகுதியில் லான்ஸ்டவுன் பிரபுவுக்குச் சொந்தமான போவுட் மாளிகையில் அவர் காலமானார். அருகிலுள்ள கால்ன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அதே மாளிகையில்தான் 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அப்போது அந்தப் பிரபுவின் ஆதரவில் இருந்த பிரீஸ்ட்லி, பாதரசத்தின் செந்நிறப் பொடியைப் பூதக்கண்ணாடியால் சூடாக்கிப் பிராணவாயுவைப் பிரித்தெடுத்திருந்தார். இங்கன்ஹவுஸ் கண்மூடியபோது பிரீஸ்ட்லி, கலகக்காரர்கள் தம் வீட்டையும் சோதனைக்கூடத்தையும் எரித்துவிட்டதால் இங்கிலாந்தைத் துறந்து, அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தார். செடியின் வரவையும் செலவையும் எடைபோட்டு அளந்து, நீரும் அதன் உணவில் சேர்கிறது என்று காட்டிய நிக்கோலா தெ சொசூரின் நூல், 1804-இல் வெளிவந்தது.